ஆட்டின் உயரம் குறித்து மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதுவது.

நான் நலம். நீங்களும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் விசாரிக்காததால் உறுதியாக எழுத முடியவில்லை. முப்பத்தெட்டு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை. என் முழங்கால் பரவாயில்லை.

ஐந்து வாரத்துக்கு முன், உங்கள் பெயின்ட் கடையின் உள் அறையில், டின்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்து நீங்கள் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. "மச்சான், என் பையன் கடை வண்டிய எடுத்துக்கிட்டு சினிமா எடுக்கப் போய் ஆறு மாசமாச்சு. அவனும் பேசல, நானும் பேசல. நீங்க போய்ப் பாருங்க. ஒண்ணு, வண்டி எப்படி இருக்கு. ரெண்டு, இந்தத் தொழில்ல தேறுவானா மாட்டானா, ஒரே வார்த்தை. மாட்டான்னு நீங்க எழுதினா மறுநாளே வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து கடையில உட்கார வெப்பேன். தேறுவான்னா, அப்புறம் நான் வாயே திறக்கல." மூன்றாவது கேள்வியை வாசல் வரை என்னோடு வந்து, பக்கத்துக் கடைக்காரர் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். "சாப்பிடுறானா?" போனில் சொன்னால் தங்கச்சி ஒட்டுக் கேட்பாள், அதனால் எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னீர்கள். பத்து நாளில் திரும்ப நினைத்தேன். முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது. கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

வண்டி. மஞ்சள் வண்டிதான், இடது கதவு மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. நடந்தது இது: கதாநாயகனாக நடிக்கிறவர் கார் ஓட்டத் தெரியும் என்று சொல்லித்தான் வேலைக்கு வந்திருக்கிறார். முதல் நாள் சாவியைக் கொடுத்ததும் லாட்ஜ் கேட்டைத் தாண்டவில்லை, கதவு போயிற்று. "ஓட்டத் தெரியும்னு சொன்னீங்களே சார்" என்று உங்கள் மகன் கேட்க, "தெரியும், ஓட்டினதில்ல" என்றார் அவர். அன்றிலிருந்து வண்டியை எட்டுப் பேர் பின்னால் குனிந்து தள்ளுகிறார்கள். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் வழிப்பயணப் படம் இது. ஒரு காட்சியில் நடந்துபோகிற ஒருவர் வண்டியை முந்திப் போகிறார், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படவும் செய்கிறார். புதிய கதவு நீல நிறம். அதற்கு மஞ்சள் அடிக்க வேண்டும், அந்த ஊரில் கிடைத்த மஞ்சளோ வேறு மஞ்சள். உங்கள் மகன் மூன்று டின் வாங்கி, ஒரு பக்கெட்டில் குச்சியால் கலக்கி, ஒரு துளியைக் கட்டைவிரல் நகத்தில் தடவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். இருபது நிமிடத்தில் நிறம் பொருந்திவிட்டது. நகத்தில் தடவிப் பார்க்கும் வழக்கம் யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வர, ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

படத்தின் கதை இது. இரும்புக் கடைக்காரர் ஒருவரின் மகன் அப்பாவோடு சண்டை போட்டு, கடை வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். வழியில் ஓர் ஆட்டுக்குட்டி வண்டியில் ஏறிக்கொள்கிறது. அறுநூறு கிலோமீட்டர் போய் இருவரும் கடலைப் பார்க்கிறார்கள். கதை எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. பெயின்ட் கடையை இரும்புக் கடை ஆக்கியிருக்கிறான், மறைத்தது அவ்வளவுதான். குட்டியை வாங்கும்போது அதற்கு ஆறு வாரம். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்று, எதையாவது மென்றுகொண்டு, தலையை ஆட்டிவிட்டு நகர்வதால் எல்லாரும் அதை மேனேஜர் என்று கூப்பிடுகிறார்கள். தாயைப் பிரிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்ததா, ஒலிப்பதிவுக்காரர் கம்பில் கட்டித் தூக்கிப் பிடிக்கும் மைக்குக்குக் காற்று புகாமல் ஒரு ரோம உறை உண்டு, அதைப் பார்த்ததும் அம்மா என்று முடிவு கட்டிவிட்டது. மைக் மேலே இருக்கும்போதெல்லாம் மேனேஜர் வானத்தையே பார்க்கும். கதாநாயகன் அழுதாலும் வானம், சிரித்தாலும் வானம். மைக் கீழே இறங்கினால் ஓடிப்போய் முட்டிப் பால் குடிக்கப் பார்க்கும். முதல் நாள், கடற்கரையில், கதாநாயகன் பிரமாதமாக நடித்து "இனி நான் திரும்பவே மாட்டேன்" என்று சொல்கிற நேரம் பார்த்து மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியது. வசனம் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி எடுக்கலாமென்றால் வெளிச்சம் போய்விட்டது. "பரவாயில்ல மாமா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான் உங்கள் மகன். இந்தப் படத்தில் அதிகம் பேசப்பட்ட வசனம் அதுதான்.

முதல் நாளே கடற்கரையா என்று நீங்கள் கேட்பீர்கள். கடல் பக்கம்தான் மழை முதலில் இறங்கும், ஆகவே கடைசிக் காட்சியை முதலில் எடுத்துவிட்டு, அங்கிருந்து நம் ஊரை நோக்கி எடுத்துக்கொண்டே வரலாம் என்பது உங்கள் மகனின் திட்டம். எல்லாரும் பாராட்டினார்கள். நானும் குறிப்பேட்டில் 'புத்திசாலித்தனம்' என்று எழுதினேன். வண்டியில் உங்கள் கடைப் பெயர் போட்ட அளவு டேப் ஒன்று கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை, தினமும் காலையில் மேனேஜரின் தோள் உயரத்தை அளந்து குறித்துவந்தேன். முதல் நாள் பதினான்கு அங்குலம். பன்னிரண்டாம் நாள் பதினைந்தே முக்கால், கொம்பு முளைத்தது. முப்பதாம் நாள் பதினெட்டு.

நேற்று எடிட்டர் பெண் எனக்குப் போன் செய்தாள், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவள் நகரத்தில் உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் கதை வரிசைப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"சார், ஆட்டுக்கு ஏதாவது வியாதியா?"

"இல்லையே, நல்லா தின்னுதே. ஏன்?"

"வீட்டை விட்டுக் கிளம்பி வழியில வண்டியில ஏறுறப்ப கொம்போட கெடா மாதிரி நிக்குது. போகப் போகச் சின்னதாகிட்டே போகுது. கடலுக்குப் போய்ச் சேர்றப்ப பால்குடி. இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் போயிருந்தா வயித்துக்குள்ளயே போயிருக்கும்."

எல்லாரும் ஆட்டைத் திரும்பிப் பார்த்தோம். மேனேஜர் மென்றுகொண்டே இருந்தது. உங்கள் மகன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "மாமா, தினமும் டேப்ப வெச்சு என்ன எழுதிட்டு இருந்தீங்க?" என்றான். குறிப்பேட்டைக் கொடுத்தேன். படித்தான்.

"பன்னெண்டாம் நாளே உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்."

"ஏன் மாமா சொல்லல?"

"நீ கேக்கலயேப்பா."

நடப்பதை எழுதுவது நம் வேலை, நடப்பதில் கை வைப்பது அல்ல என்று என் முதல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததை அவனுக்கு விளக்கினேன். ஒலிப்பதிவுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். தள்ளுகிற எட்டுப் பேரில் ஒருவர், "இவரையும் சேர்த்துத்தான் தள்ளிட்டு வந்தோமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆகவே மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஓட்டத் தெரியாத கதாநாயகன், நடந்துபோகிறவர் முந்தும் வண்டி, கேட்காத வசனம், வயதில் பின்னோக்கிப் போகும் ஆடு. உங்கள் மகன் நல்லவன், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, என்னைக்கூட. ஆனால் நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை: மாட்டான். நிறம் கலக்கும் கை இருக்கிறது, கடைக்கு ஆகும். நாங்கள் நம் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டரில்தான் இருக்கிறோம், வந்து அழைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில்: இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் கடையில் எந்நாளும் கூட்டம் குறையாதிருக்கட்டும். உங்கள் ரத்த அழுத்தம் மட்டும் குறையட்டும்.

இப்படிக்கு,
மச்சான்

பி.கு.: பத்திரிகையில் தவறாகப் போட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டும். மேலே உள்ள கடைசிப் பத்திக்குத் திருத்தம் இது. காலையில் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பேட்டி எடுக்கும் பழக்கத்தில் உங்கள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உன் கதையில அந்தப் பையன் வீட்ட விட்டுப் போய்த்தான் ஆகணுமா? கடல்ல இருந்து வீட்டுக்கு வந்தா ஆகாதா?" பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தவன் என் குறிப்பேட்டை வாங்கி முதலிலிருந்து மறுபடி படித்தான். பிறகு எடிட்டர் பெண்ணைக் கூப்பிட்டான். எடுத்த வரிசையே இப்போது கதை வரிசை. ஆடு ஒழுங்காக வளர்கிறது. வண்டி மெதுவாகத்தான் வருகிறது, ஏனென்றால் அவனுக்கு வீட்டுக்கு வரப் பயம். 'திரும்பவே மாட்டேன்' என்று அவன் சொன்னது, மேனேஜர் புண்ணியத்தில், யார் காதிலும் விழவில்லை. ஊர்த் தூரம் எழுதிய வழிகாட்டிப் பலகை ஒன்றை மட்டும் மாற்றிச் செய்தோம், அதில் பொய்யான எண்ணை எழுதிய கை என்னுடையது. மதியம் ஒட்டிய படத்தை எல்லாரும் போனில் பார்த்தோம். தள்ளுகிற எட்டுப் பேரும் சிரித்தார்கள், பிறகு இன்னொரு முறை போடச் சொன்னார்கள். நானும்தான். ஆகவே 'மாட்டான்' என்பதை அடித்துவிட்டு 'தேறுவான்' என்று படிக்கவும். வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். அதை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடவும்.

ஏனென்றால் முடிவு ஒன்று பாக்கி. அப்பா கதவைத் திறக்க வேண்டும். இரும்புக் கடை மறுபடியும் பெயின்ட் கடையாகிவிட்டது. நீங்கள் ஞாயிறு ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்குவதை எதிர்ச் சாரியிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதாக இருக்கிறான். "அப்பா வர மாட்டாரு மாமா, கேக்காதீங்க" என்றான். நான் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நடிக்க வேண்டாம். ஷட்டரைத் தூக்கினால் மஞ்சள் வண்டி நிற்கும், உங்கள் மகனாக நடிக்கிற, முன்பின் தெரியாத ஒருவர் பத்தொன்பது அங்குல ஆட்டோடு இறங்குவார். என்னிடம் கேட்ட மூன்றையும் அதே வரிசையில் கேளுங்கள். மைக்கின் உறையை மேனேஜர் தின்றுவிட்டது, ஆகவே மூன்றாவதை இந்த முறை கொஞ்சம் சத்தமாக. கேமராவைப் பார்க்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. அதற்கு இடது பக்கம் நிற்கிறவனைப் பாருங்கள்.