இருபது பூட்டுப் பாலம்

வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் ஆத்துமேட்டு டிவிசனில் ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது. பெயர்ப்பலகையில் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். மூன்று மொழிக்காரரும் அதைப் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார்கள். பெற்றீசியா அங்கே பிள்ளை பார்க்கிறவள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற பெண்கள் இடுப்புப் பிள்ளையை அவளிடம் கொடுப்பார்கள், கூடவே வீட்டுச் சாவியையும் கொடுப்பார்கள். கொழுந்து மலையில் சாவி விழுந்தால் தேயிலைக்குள் யார் தேடுவது? சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒட்டி ஒட்டி நின்ற லயத்தின் இருபது வீட்டுச் சாவியையும் பெற்றீசியா தொங்கவிட்டிருந்தாள். இத்தனை வருசத்தில் ஒரு சாவி தொலைந்ததில்லை, ஒன்றுக்குப் பதில் ஒன்று மாறிப் போனதும் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சவுக்கு மரம் கிடந்தது, அதற்குப் பெயர் பாலம். மகன் ஜூட்சன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். மருமகள் தனுஷிகா மாசமாக இருந்தாள். மழைக்காலத்தில் பிரசவம் வரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மழையில் அந்த மரத்தில் ஆடே நடக்காது, நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி எப்படி நடப்பாள்? மாதாவிடம் பெற்றீசியா கேட்டதெல்லாம் ஒரு பாலம்தான்.

பாலம் ஞானரட்ணம் சேர் உருவத்தில் வந்தது. அன்னார் சமூக நம்பிக்கை மேம்பாட்டு அதிகாரசபையின் கள இணைப்பு உத்தியோகத்தர். கழுத்தில் அட்டை, கையில் டெப்லட், சப்பாத்தில் அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரம்.

"அம்மா, உங்கள் வீட்டுச் சாவியை அயலவர் ஒருவரிடம் ஒப்படைப்பீர்களா? ஆம், இல்லை, ஓரளவு."

"அயலவருங்களா? எல்லாருடைய சாவியும் இங்கதான் சேர் இருக்கு." பெற்றீசியா பெருமையாக ஆணி வரிசையைக் காட்டினாள்.

சேர் முகம் வாடிப்போனது. "எல்லாருமா தர்றாங்க?"

"புள்ளையயும் சாவியையும் ஒன்னாத்தான் குடுப்பாங்க. புள்ள அழும், சாவி அழாது. அவ்வளவுதாங்க வித்தியாசம்."

"இது கவலைக்குரிய நிலைமை," என்றார் சேர். "நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வருகிறது. நாற்பதுக்குக் கீழே இருந்தால்தான் பாலக் கருத்திட்டத்துக்குத் தகுதி. நம்பிக்கை உள்ள இடத்தில் நம்பிக்கையைக் கட்டியெழுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது."

"எங்களுக்கு நம்பிக்கை வேணாம் சேர். பாலம்தான் வேணும்."

"அதுதானே இது! பாலம் என்பது இரண்டு தரப்பை இணைப்பது. இங்கே இரண்டு தரப்பே இல்லையே. நான் எதை எதோடு இணைப்பது?"

"இந்தக் கரையையும் அந்தக் கரையையும் இணைங்களேன்."

"கரைகளுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை அம்மா." பிறகு, நல்ல மனுசன்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மறு ஆய்வு அடுத்த மாதம். அதற்குள் நிலைமை மோசமடைந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்."

அன்று பின்னேரமே, பெற்றீசியா சொன்னதைக் கேட்டு, தோட்டக் கமிட்டித் தலைவர் அழகன் லயத்து வாசலில் கூட்டம் போட்டார். "சனங்களே, இன்னையிலருந்து இந்த லயத்துல ஒருத்தர ஒருத்தர் நம்பக் கூடாது. இது கமிட்டித் தீர்மானம். என்னைய நம்புங்க, யாரையும் நம்பாதீங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். பெற்றீசியாதான் பலமாகத் தட்டினாள். அவளே ஹட்டனுக்கு பஸ் ஏறி முனாப் நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் போய், பழைய பூட்டுக்குப் பதிலாகப் போட இருபது புதுப் பூட்டுக் கேட்டாள்.

"என்னா புள்ள, ஒரே ராவுல எல்லா வீட்லயும் களவு போச்சா?"

"இல்ல நானா, பாலம் வருது."

"பாலத்துக்கு எதுக்குப் பூட்டு?"

"நீங்க வேற!" என்று பெற்றீசியா சிரித்தாள். "நல்லதா குடுங்க."

"இது யானை மிதிச்சாலும் ஒடையாது," என்றார் நானா. வியாபாரத்தில் அவர் பொய் சொல்லாத ஒரு சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

பிறகு ஒத்திகை நடந்தது. முத்துலிங்கம் தன் கோழியைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டுக் கிருஷாந்தியைத் திட்ட வேண்டும், அவள் பதிலுக்குத் திட்ட வேண்டும். அழகன் ஒரு ஓரத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கோவமா" என்று சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் நன்றாக வந்தது. மூன்றாம் நாள் கிருஷாந்தி, "உன் கோழி என் பீன்ஸ் பாத்திய கிண்டுறத நான் எத்தன வருசமா பொறுத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டாள். அது ஒத்திகையில் இல்லாத வசனம். பிறகு முத்துலிங்கத்துக்கும் பழசெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அட, மனுசனுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்! அந்த வாரக் கடைசிக்குள் லயம் முழுக்க ஒத்திகை பார்க்காமலே நடிக்கத் தொடங்கிவிட்டது.

மறு ஆய்வுக்கு வந்த ஞானரட்ணம் சேர் பூரித்துப் போனார். கதவுக்குக் கதவு புதுப் பூட்டு. ஒரு வீட்டில் கேட்ட கேள்விக்கு அடுத்த வீட்டிலிருந்து "பொய்!" என்று பதில் வந்தது. "அருமை, மிக அருமை" என்று டெப்லட்டில் தட்டிக்கொண்டே பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார்.

"சாவிகள் எங்கே அம்மா?"

"யாரு சாவியும் எங்கிட்ட இல்ல சேர்." படித்து வைத்த வசனம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கை வெறும் ஆணிகளைத் தடவிக்கொண்டிருந்தது. சேர் அதைக் கவனித்து இன்னும் மூன்று புள்ளி கழித்தார். மொத்தம் பதினொன்று. மாகாணத்திலேயே இவ்வளவு கேடுகெட்ட லயம் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பாலத்துக்கு அனுமதி கிடைத்த நாளில் பெற்றீசியா ஆணிகளைத் துணியால் துடைத்து வைத்தாள். "நாடகம் முடிஞ்சிச்சு. சாவியைக் கொண்டாங்கடி."

மறுநாள் காலை பிள்ளைகள் வந்தார்கள். சாவிகள் வரவில்லை. கிருஷாந்தி தன் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"சாவி?"

"இருக்கட்டும் அக்கா. உங்களுக்கு எதுக்கு வீண் கரைச்சல்."

பிள்ளையை நம்பிக் கொடுக்கிறவள் வீட்டில் கிடக்கிற ஒரு தகரப் பெட்டியை நம்பிக் கொடுக்கவில்லை! பெற்றீசியாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படியா சேதி என்று அவளும் தன் வீட்டுச் சாவியை ஒளிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் அரிசி டின்னில், ஒரு நாள் மாதா படத்துக்குப் பின்னால், ஒரு நாள் பழைய சப்பாத்துக்குள்.

பாலம் எழுந்தது. கொங்கிரீட், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கிழவனும் நடக்கலாம், ஆட்டோவும் போகலாம். பொதுச் சொத்தின் பாதுகாப்புக் கருதி லயத்துப் பக்க வாயிலில் ஒரு இரும்புக் கேட்டும் போட்டார்கள். மேற்படி கேட்டின் சாவி, பயனாளிகள் அனைவரதும் ஏகோபித்த நம்பிக்கையைப் பெற்ற ஒருவரிடம் இருத்தல் வேண்டும் என்பது சுற்றறிக்கை.

"பெற்றீசியா அம்மாவிடம் கொடுப்போமா?" என்று கூட்டத்தில் சேர் கேட்டார்.

"அவங்ககிட்டயா!" என்றது லயம். இதில் மட்டும் அவர்கள் ஏகோபித்திருந்தார்கள். அழகனுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. ஒவ்வொரு வீடும் தன்னைத் தவிர யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அழகனுக்கே அந்த யோசனை உதித்தது. வீட்டுக்கு ஒரு பூட்டு. எல்லாரும் வந்து திறந்தால்தான் கேட் திறக்கும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

"பங்கேற்பு முகாமைத்துவம்!" என்று கூவி, சேர் படம் எடுத்தார். முனாப் நானாவுக்கு இன்னொரு இருபது பூட்டு விற்றது. தன் பூட்டின் சாவியைப் பெற்றீசியாவும் மற்றவர்களைப் போலவே ஒளித்து வைத்தாள். இருபது பேரும் ஒரே நேரத்தில் வருவது நடக்கிற காரியமா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சவுக்கு மரத்தின் மேலேயே போனார்கள், பாலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு.

மழை பிடித்தது. ஒரு மத்தியானம் தனுஷிகாவுக்கு வலி கண்டது. ஆட்டோ அக்கரையில் வந்து ஹோர்ன் அடித்தது.

"ஐயோ சனங்களே, சாவியக் கொண்டாங்க!" என்று பெற்றீசியா கத்திக்கொண்டு ஓடினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எல்லாரும் வந்தார்கள். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தார்கள். கிருஷாந்தி ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தாள், முத்துலிங்கம் கோழிக் கூட்டுக்குள்ளிருந்து எடுத்தான். பத்தொன்பது பூட்டும் திறந்தன. ஒன்று மிச்சம்.

"இது யாரு பூட்டு? சீக்கிரம் வாங்கப்பா!"

அது பெற்றீசியாவின் பூட்டு.

அவள் வீட்டுக்கு ஓடினாள். அரிசி டின்னைக் கவிழ்த்தாள். மாதா படத்தைக் கழற்றினாள். சப்பாத்தை உதறினாள், கரப்பான் விழுந்தது, சாவி விழவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று இடம் மாற்றி மாற்றி வைத்ததில் அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. "எங்க வச்சேன் தாயே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை, முடியல அத்தை," என்று தனுஷிகா முனகினாள்.

முத்துலிங்கம் கல்லை எடுத்துப் பூட்டில் ஓங்கிப் போட்டான். கல்தான் உடைந்தது. முன்னேற்ற அறிக்கைக்குப் படம் எடுக்க வந்திருந்த ஞானரட்ணம் சேர் அக்கரையிலிருந்து குடையை ஆட்டினார். "கேட்டை உடைக்காதீர்கள்! பொதுச் சொத்து!"

கடைசியில் தனுஷிகாவை நாற்காலியில் வைத்து, முத்துலிங்கம் முன்னாலும் கிருஷாந்தியின் புருசன் பின்னாலும் தூக்கி, சவுக்கு மரத்தின் மேலேயே அடி அடியாகக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோர்த்து நின்று நாற்காலியைத் தாங்கினார்கள். பக்கத்திலேயே பாலம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

ஆற்றுக்குள் எல்லாரும் கைகோர்த்து நின்றதைப் படம் எடுத்து சேர் மேலிடத்துக்கு அனுப்பினார். பாலத்தின் காரணமாகச் சமூக நம்பிக்கை தொண்ணூற்றெட்டாக உயர்ந்தது, கருத்திட்டம் வெற்றிகரமாக நிறைவு எய்தியது என்று இத்தால் அறியத் தந்தார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

பேத்தி பிறந்த மறுநாள் காலை பிள்ளைக் காம்பராவைத் திறந்த பெற்றீசியா அப்படியே நின்றுவிட்டாள். ஆணி வரிசையில், முதல் ஆணியில், அவளுடைய கேட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோசத்தில் அவள் கையே என்றைக்கோ மாட்டியிருக்கிறது; சாவிகள் வராமல் போனதிலிருந்து அவள் அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கே போய் ஒரு சாவி இருக்கும் என்று லயத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

சாவியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினாள். நேற்றுத் திறந்த பத்தொன்பது பேரும், ஆற்றிலிருந்து கரையேறிய ஈரத்தோடு, ஞாபகமாகத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அவள் அங்கே நிற்கும்போது மேல் டிவிசன்காரர்கள் நாலு பேர் மரத்தைக் கடந்து வந்தார்கள். "அக்கா, எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு பாலம் வேணும். என்னா செய்யணும்?"

பெற்றீசியா யோசித்தாள். "மொதல்ல எல்லாரும் பூட்டு வாங்குங்க," என்றாள். சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"பாலம் நல்லா இருக்காக்கா?"

"தெரியலயே," என்றாள் பெற்றீசியா. "நாங்க இன்னும் அதுல நடந்து பாக்கல."