செயப்படுபொருள் குன்றிய ஞாயிற்றுக்கிழமை

அன்று முழுக்க ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை என்று இங்கிலீஷ் வாத்தியார் முடிவு செய்திருந்தார். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. சாய்வு நாற்காலி மெல்லக் கிளம்பி மேகங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க!"

நாற்காலி தரை தட்டியது. எதிரே மனைவி, கையில் இலக்கணப் புத்தகத்தோடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸாக வேண்டுமென்றால் இங்கிலீஷ் தேர்வு ஒன்று எழுத வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் வீட்டு வேலையெல்லாம் தன் பொறுப்பு என்று வாத்தியார் ஏதோ அரைத்தூக்கத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வு திங்கட்கிழமை என்று அவள் சொன்னது மங்கலாக ஞாபகம் வந்தது.

"பாத்திரம் கிடக்கு. துணி ஊறுது. நீங்க பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே?"

வாத்தியாருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை.

"முதல்ல பாடம். வினைச்சொல்லுல ரெண்டு ரகம். 'வாஷ்'னு சொன்னா, எதைன்னு கேள்வி வரும். பாத்திரத்தை. அதுதான் செயப்படுபொருள். சரி, 'ஸ்லீப்'னு சொன்னா?"

"எதைன்னு கேக்க முடியாது."

"கெட்டிக்காரி! தூங்கறவன் தூங்கறான், அவ்வளவுதான். செயப்படுபொருள் குன்றிய வினை. யாருக்கும் தொந்தரவில்லாத வினை. அந்த ரகத்தை இன்னைக்கு நான் நடத்திக் காட்டறேன். நீ பார்த்துப் படிச்சுக்கோ."

"அப்போ அந்த 'எதை' ரகம்?"

"அதை நீயே செஞ்சு பாரு. மனசுல நல்லாப் பதியும்."

அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலி மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை ஒரு ஊரில் போய் இறங்கியது. அங்கே எல்லோரும் சிரித்தார்கள், நடந்தார்கள், மிதந்தார்கள். யாரும் எதையும் துவைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம்ங்க. 'ஈட்' எந்த ரகம்?"

"அது ரெண்டு பக்கமும் போகும்" என்றார் உற்சாகமாக. "சோத்தைச் சாப்பிடறான்னு சொன்னாலும் சரி. வெறும் 'ஹி ஈட்ஸ்'னாலும் முழு வாக்கியம்தான்."

"செயப்படுபொருள் கட்டாயமில்லையே?"

"கட்டாயமே இல்லை!"

"அப்ப சாப்பிடுங்க" என்று காலித் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

வினையைச் சொல்லிக்கொடுக்கப் போய், வினையை விலைக்கு வாங்கிவிட்டார் வாத்தியார். சமைத்தார். கழுவினார். துவைத்தார். பிழிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் போர்வையையும் கொடியில் போட்டுவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தால், சாய்வு நாற்காலியில் அவள். கண் மூடியிருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு. அவருக்குப் பகீரென்றது. பாவம், படிக்காமல் தூங்கிவிட்டாளே, தோற்றுவிடுவாளே!

"அடியே, எழுந்திரு! நாளைக்குத் தேர்வு!"

அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"போன திங்கட்கிழமையே எழுதி, பாஸும் பண்ணியாச்சுங்க. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்களும் 'ம்'னீங்க."