எந்நேரமும் வெள்ளம் வரும்

ஆன்லைனில் எழுதிப் பிழைக்க ஆலோசனை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கேட்பவர்கள் மேல் அல்ல. இப்படித்தான் ஒருத்தி ஆலோசனை கேட்டு, கேட்டதையெல்லாம் அப்படியே செய்து, மதுரையிலிருந்து வரவிருந்த இரண்டு வேன் ஜனங்களை எங்கள் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்காமல் செய்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தினமும் அவளுக்குத்தான் தலைவாரிவிடுகிறேன்.

அப்போது நான் கேரள மலையில், சூரியநெல்லியில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இனி எழுத்துதான் தொழில் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவுக்கு இதை வெளியே சொல்ல வெட்கம். யார் கேட்டாலும் "மஞ்சக்காமாலை, லீவுல இருக்கா" என்று சமாளித்தார். (காமாலை எத்தனை மாசம்தான் இருக்கும்? கேட்டவர்கள் எல்லாம் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.) எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வாயாலேயே "எம் மக எழுதுறா" என்று சொல்ல வைக்க வேண்டும். முடியாவிட்டால் அதே ஆபீசில் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆலோசனைக்கு நான் நம்பியது, செல்போன் வீடியோவில் கோட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஓர் ஆசாமியை. முதல் வாடிக்கையாளரைத் தெரிந்தவர்களில் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, மேலே புதிதாக ஹோம்ஸ்டே கட்டியிருந்த சேவியர் அண்ணன் சிக்கினார். தமிழ்நாட்டுக்காரர்களுக்காக அவருக்குத் தமிழில் ஓர் இணையப் பக்கம் வேண்டியிருந்தது. சொன்ன தேதிக்கு முன்பே கொடுங்கள் என்றார் ஆசாமி. அதற்கும் தயாராகிவிட்டேன். அதோடு அந்த மனிதர் வாயை மூடியிருக்கலாம். "எல்லாரையும் போல எழுதாதீர்கள். உங்கள் மண்ணின் வார்த்தையைப் போடுங்கள். அதுதான் உங்கள் முத்திரை" என்றார்.

நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். குடிக்கிற தண்ணீருக்கு மலையாளத்தில் வெள்ளம் என்று பெயர். டீக்கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் வெள்ளம் என்றுதான் நாங்களும் கேட்போம். நான் எழுதிய பக்கத்திலோ தண்ணீர், தண்ணீர் என்று சப்பென்று கிடந்தது. ஒன்று விடாமல் அழித்து எல்லாவற்றையும் வெள்ளம் ஆக்கினேன். (முத்திரையாம் முத்திரை!) கடைசியில் அது இப்படி வந்தது:

"எங்கள் இல்லத்தில் எந்நேரமும் வெள்ளம் வரும். விடியற்காலையில் அறைக்குள்ளேயே சூடான வெள்ளம் காத்திருக்கும். குறைந்தால் ஒரு குரல் கொடுங்கள், மேலிருந்து உடனே திறந்துவிடுவோம்."

சேவியர் அண்ணன் வாசித்துவிட்டு "கொள்ளாம்!" என்றார். அம்மாவும் வாசித்து, நல்லாத்தான் இருக்கு என்றார். இரண்டு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

படங்களைப் பார்த்தே மதுரைக் கூட்டம் ஒன்று பூஜை விடுமுறைக்கு அறைகளைப் பிடித்தது. அம்மா அன்றைக்கே என் காமாலையைக் குணப்படுத்திவிட்டார். "சேவியருக்கு எம் மகதான் எழுதிக் குடுத்தா. மதுரையில இருந்து ரெண்டு வண்டி வருது" என்று கொழுந்துக் காட்டில் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது.

வேன் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கூட்டத்து அம்மாள் ஒருவர் போன் செய்தார். சந்தேகம் கேட்க என் போன் நம்பரை அந்த இணையப் பக்கத்தில் போட்டிருந்தேன். (அதுவும் ஆசாமியின் ஆலோசனைதான்.) அம்மா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

"ஏம்மா, அங்க வெள்ளம் வரும்னு போட்ருக்கீங்களே, நெசந்தானா?"

"நெசந்தான் மேடம். ராத்திரி பகல்னு கெடையாது, வந்துக்கிட்டே இருக்கும்."

"சின்னப் பிள்ளைக எல்லாம் வர்றாங்கம்மா."

"பிள்ளைகளுக்குன்னா கொஞ்சமா தொறந்துவிடச் சொல்றேன் மேடம்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க மாமியாருக்கு நடக்க முடியாதும்மா."

"அவங்க எந்திரிக்கவே வேண்டாம் மேடம். படுத்த எடத்துக்கே வந்துரும்."

போன் அறுந்தது. நான் எங்கள் ஊர் சிக்னலைத் திட்டினேன்.

சாயங்காலம் சேவியர் அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் செல்போனுக்கு அந்த அம்மாள் அழாத குறையாகப் பேசி அனுப்பியிருந்தார்: "சார், நாங்க குளிரப் பாக்கத்தான் வர்றதா இருந்தோம். எங்களுக்கு வேண்டாம் சார். நீங்களும் எறங்கி வேற எங்கயாச்சும் போயிருங்க."

"ஏ புள்ள," என்றார் அண்ணன், "மதுரையில வெள்ளம்னா ஊர அடிச்சிட்டுப் போறதாமே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும்! தினம் தமிழ்ச் செய்தி பார்க்கிறவள்தானே நான். அதுதான் ஆத்திரம். தெரிந்தே, உட்கார்ந்து, பொறுமையாக அழித்து அழித்து மாற்றியிருக்கிறேன்.

"தண்ணின்னு எழுதுனா கை சுளுக்கிக்குமா?" என்று மட்டும் அம்மா கேட்டார். அண்ணன் இரண்டு வேன் ஆட்களுக்கு அரைத்து வைத்திருந்த மாவில் லயம் முழுக்க அப்பம் சுட்டுத் தின்றது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் அம்மா முந்தானையால் முகத்தை மறைத்தபடி வேலைக்குப் போனதைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தை அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன். பிறகு அண்ணனுக்கும் ஆட்கள் வந்தார்கள், எனக்கும் வேலை வந்தது, ஆபீசுக்குத் திரும்பவில்லை. நான் எழுதுகிறேன் என்பதை அம்மா யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. எழுதியதை அடுத்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். என்னிடம் இருப்பது அந்த ஒரே ஆலோசனைதான், ஆளை விடுங்கள்.

ஊர் எனக்கு 'வெள்ளக்காரி' என்று பெயர் வைத்தது. எங்கள் வாயில் வெள்ளைக்காரியும் வெள்ளக்காரிதான் என்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போகிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெண், மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்க ஒரு வெள்ளக்காரி இருக்காங்களாமே. பாப்பாவுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவாங்களான்னு கேக்க வந்தேன்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இவதாம்மா அது. இங்கிலீஷ் நல்லாவே சொல்லித் தருவா. தமிழ் மட்டும் கேட்டுறாத."