செண்டுப்பூவின் பூர்வீகம்

உலகத் தாவரவியல் வரலாற்றில் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். எது நம்மூர்ச் செடி, எது அந்நியச் செடி என்பதை அங்குள்ள ஓர் அடுக்குமாடி அசோசியேஷன் ஒரே கூட்டத்தில், மிளகாய் பஜ்ஜி ஆறுவதற்குள் தீர்மானித்துவிட்டது.

முதலில் மாட்டியது தரைத்தளத்தில் குடியிருக்கும் தனலக்ஷ்மியின் செண்டுப்பூ. ஆட்டோ ஓட்டும் தனலக்ஷ்மிக்கு இந்த வருஷம்தான் சொந்த வண்டி வாய்த்தது. ஆயுத பூஜைக்குத் தன் செடியில் பூத்த பூவையே கட்டிப் போடவேண்டும் என்று ஆசை. காம்பவுண்டு ஓரம் மொட்டுகளும் தயார்.

தலைவர் ரங்கநாதன், செல்போனும் கையுமாகக் குனிந்து செடியை 'விசாரித்தார்'. ஒற்றைப் பூ என்று நாம் நினைப்பது உண்மையில் பல குட்டிப் பூக்களின் கூட்டமாம். அனுமதியில்லாக் கூட்டம் என்று அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார்.

"இது மெக்ஸிகோம்மா. எடுத்துடணும்."

"நான் நடலை சார். போன வருஷப் பூ காஞ்சு உதிர்ந்துச்சு, தானா முளைச்சுது. இங்கயே பொறந்தது."

"பொறந்த இடம் கணக்கில்ல. பூர்வீகம்தான் கணக்கு."

"உங்களுக்கு எது சார் பூர்வீகம்?"

"ஸ்ரீரங்கம்." தலைவர் தொண்டையைச் செருமினார். "அது வேற. நான் பிளாட் வாங்கியிருக்கேன்."

செடிகளுக்குப் பத்திரப்பதிவு இன்னும் வராததால் தனலக்ஷ்மியின் கட்சி தோற்றது.

"ஆயுத பூஜை ஹப்பம் முடியட்டும் சார், நானே புடுங்கிடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க."

தலைவருக்குத் தாராள மனசு. பூஜையன்று காலை வரை தவணை கொடுத்தார்.

நமக்கெதற்கு வம்பு, இருந்தாலும் அன்று காலை ஜன்னல் வழியே பார்க்காமல் இருக்க முடியுமா? தலைவர் ஒரு பெரிய கூடையோடு வந்தார். செடி நின்றது, பூ ஒன்றுகூட இல்லை. கேட்டருகே தனலக்ஷ்மியின் ஆட்டோ, முகம் தெரியாத அளவுக்கு மஞ்சள் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது, எல்லாத்தையும் பறிச்சிட்டே? நம்ம கார்ங்களுக்கெல்லாம் மாலை வேண்டாமா?"

"மெக்ஸிகோ பூவாச்சே சார்."

"செடிதாம்மா அந்நியம். பூ நம்ம கலாச்சாரம்."

தனலக்ஷ்மி சாவியைத் திருகினாள்.

"தெரியும் சார். எங்க தாத்தா தமிழ்நாட்டுலேர்ந்து வந்து கோலார் தங்கவயல் சுரங்கத்துல எறங்கினப்பவும் இதே சட்டம்தான். தங்கம் நம்மளுது, தோண்டினவன் வெளியூரான்."