அலகு எழுதாத நாற்பத்தாறு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு தாங்களும், தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும், அவளுடைய புது இடுப்பு மூட்டும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டுவந்து விடுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு மாதமாக வெறிச்சென்று கிடக்கும் வீட்டில் அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்கிறேன், இன்னும் இரண்டு வாரம் அவளை அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா? காரணம் கட்டில். பதினெட்டு அங்குல உயரம் இருக்க வேண்டும், அவள் ஏறவும் கூடாது, குனியவும் கூடாது என்று டாக்டர் சொன்னாரல்லவா; முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சும்மா இருப்பேனா, இரண்டு புள்ளி ஐந்து நான்கால் பெருக்கிச் சென்டிமீட்டராக்கி, 46 என்று சீட்டில் எழுதித் தச்சரிடம் கொடுத்தேன். அலகு எழுதவில்லை. அலகு எழுதாத பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்தே தலை நரைத்தவன் நான். தச்சருக்கோ அங்குலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் அப்பவே "கொஞ்சம் உசரமா தெரியுதே சார்"னு கேட்டார். நான்தான் "டாக்டர் கணக்கு, ஒரு நூல்கூடக் குறையக் கூடாது"னு அதட்டினேன். நேற்று வந்து இறங்கிய கட்டில் என் நெஞ்சளவு நிற்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு சாண்தான். ஏறும்போது ஸ்டூல் சாய்ந்துவிட்டதால் இறங்க வழியில்லாமல் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்ன சார், பெயிண்ட் அடிக்கிறீங்களா?"னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல.

தச்சர் ரம்பத்தோடு எப்போது வருவாரோ தெரியாது. அதுவரை இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். மிச்சமிருந்தால் எனக்கும் யாராவது நாலு ஆசி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தச்சர் வந்துவிட்டார். இந்த முறை யாரையும் நம்பாமல் நானே டேப்பை வைத்து, பதினெட்டில் கோடு போட்டு, நான்கு கால்களையும் அறுக்கச் சொன்னேன். அறுத்து முடித்த பிறகுதான் பார்த்தேன், நான் அளந்தது டேப்பின் சென்டிமீட்டர் பக்கம். கட்டில் இப்போது ஏழு அங்குலம். தாங்க முடியாமல் அவளுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அந்த டேப்பை பீரோல வெச்சுப் பூட்டுங்க. காலுக்கு அடியில கட்டை குடுத்துக்கலாம். நான் வெள்ளிக்கிழமை வந்துடறேன், நான் இல்லாம நீங்க சரிப்பட மாட்டீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். அவளை ஒரு நாள்கூட அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். வரும்போது நான்கு மரக்கட்டைகள் கொண்டு வாருங்கள். எவ்வளவு உயரம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.