முப்பத்திரண்டு முறை மென்ற மாப்பிள்ளை

வாழ்க்கையில் முன்னேறியே தீருவது என்று ஒருவன் முடிவெடுத்தால், அதனால் அவனுக்கு வருகிற கஷ்டம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. நான் முன்னேறக் கிளம்பிய முப்பத்தெட்டாவது நாள், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த ஒரு நல்ல மனிதரைக் கல்யாணப் பந்தியிலேயே மயங்கி விழ வைத்தேன். அவரைத் தொடக்கூட இல்லை. மென்றேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மண்டபம் என்கிற எங்கள் கடற்கரை ஊரில், விசைப்படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வேலை. அதற்கு முன்னால் வங்கித் தேர்வு மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் வங்கிகள் தப்பித்தன. கம்ப்யூட்டர் வகுப்பில் பாதி முடித்தேன். (முதல் பாதி. எப்படி அணைப்பது என்பது இரண்டாம் பாதியில் இருந்தது.) துபாய் விசா ஒன்று வருகிற மாதிரி வந்து திரும்பிப் போனது. "தொடங்குன ஒன்னையாவது முடிச்சிருக்கியாடா?" என்று உம்மா அடிக்கடி கேட்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்தோடு ஒருநாள் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் நடைபாதைக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். நாற்பது நாளில் புதிய மனிதனாவது எப்படி என்று அதில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், கண்ணாடியைப் பார்த்து "நான் வெல்வேன்" என்று சொல்ல வேண்டும், தினமும் மூன்று நன்றிகள் எழுத வேண்டும். சாப்பிடும்போது ஒவ்வொரு கவளத்தையும் கண்ணை மூடி, பேசாமல், எண்ணி முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும். ஒருநாள் தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம்.

"விடியக்காலைல சுபுஹு தொழுவ எழுப்புனா புரண்டு படுப்பான். புத்தகம் சொன்னா எந்திரிக்கிறான்" என்று உம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். அந்தப் புகாருக்கும் ஆயுசு ஒரு வாரம்தான். பச்சைத் தண்ணீர் சளியில் முடிந்தது. கண்ணாடியில் வென்றுகொண்டிருந்தபோது லாத்தா (என் அக்கா) கதவைத் திறந்துவிட்டதால் அதுவும் நின்றது. நன்றி நோட்டில் ஒன்பதாம் நாள் மூன்றாவது நன்றிக்கு விஷயம் கிடைக்காமல் "இன்று கருவாட்டு வாடை குறைவு" என்று எழுதி மூடி வைத்தேன். மெல்லுவது ஒன்றுதான் நிலைத்தது. இதையாவது நாற்பது நாள் முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது. இதுவும் போனால் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பது எனக்கே உறுதியாகிவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

இந்த நேரத்தில்தான் பெரியபட்டினத்துச் சம்பந்தம் வந்தது. அதற்கு முன் நான்கு வீடுகளில் "மாப்பிள்ளை வெளிநாட்டுல இல்லையாமே" என்று ஒதுக்கியிருந்தார்கள். பெண்ணின் வாப்பா நாகூர்கனி மாமா மட்டும் வேறு மாதிரி. இருபது வருஷம் சவுதியில் கிடந்தவர். "நான் போயிப் பட்டது போதும். எம் மகளுக்கு ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைதான் வேணும்" என்றாராம். என் குறையை நிறையாகப் பார்த்த ஒரே மனிதர். பெண்ணின் பெயர் ரிஸ்வானா. போட்டோ பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே.

மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "ஒரு சஹன்ல உக்காந்து சாப்பிட்டுப் பார்த்தா ஆளு தெரிஞ்சிரும்."

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் மூன்று நான்கு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நல்ல கறித்துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். யாருக்கு வயிறு நிறைந்தாலும், கூட இருப்பவர் முடிக்கிற வரை கையை எடுக்கக் கூடாது. மெதுவாகச் சாப்பிடுகிறவர் கூச்சப்படக் கூடாதே என்று ஒவ்வொரு பருக்கையாகக் கொறித்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டு காலியாகி, கை இன்னும் அதில் இருந்தால் பரிமாறுகிறவர் கேட்கவே மாட்டார். கொட்டிவிடுவார். இவையெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். முப்பத்திரண்டோடு சேர்த்து யோசித்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் ஏற்பாடானது. லாத்தாவின் மாப்பிள்ளை சீனி மச்சான் எங்களைக் கூட்டிப்போய்த் தூண் ஓரமாக உட்கார வைத்தார். மாமா, மச்சான், நான். நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவும் வந்தன. பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினேன்.

"தம்பி, கடையில என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் மாமா.

நான் ஒன்பதில் இருந்தேன். இடது கையில் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முப்பத்திரண்டு முடிந்து, விழுங்கி, கண்ணைத் திறந்து, "சாமான் எடுத்துக் குடுப்பேன் மாமா" என்றேன். அவ்வளவு நேரம் காத்திருந்து வாங்குகிற பதில் இல்லை அது.

"வாப்பா மவுத்தாகி எத்தன வருசமாச்சு?"

மறுபடியும் வாயில் கவளம். மறுபடியும் விரல், மூடிய கண். மாமாவின் குரல் இறங்கிப்போனது. "சரி சரி, மனசுக் கஷ்டம். சொல்ல வேணாம், விடுங்க." அவர் கண் கலங்கியதாக மச்சான் பிற்பாடு சொன்னார். வாப்பா இறந்தபோது எனக்கு இரண்டு வயது.

பரிவு மிகுந்து, நல்லி எலும்பை என் பக்கம் தள்ளினார். மாமனாராகப் போகிறவர் கையால் தள்ளுகிற நல்லி என்றால் பாதி நிச்சயதார்த்தம் முடிந்த மாதிரி. நான் இருபத்தொன்றில் கண்ணை மூடியிருந்தேன். மச்சான் என் விலாவில் முழங்கையால் இடித்தார். எண்ணிக்கை விட்டுப்போனது. விட்டுப்போனால் என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. நேர்மையாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஏலே, என்னடா பண்ற? முழுங்கித் தொலைடா!" என்று மச்சான் காதில் சீறினார்.

இதற்குள் தட்டு இரண்டு தடவை காலியாகி, இரண்டு தடவை நிரம்பிவிட்டது. மச்சானும் மாமாவும் எனக்குத் துணையாகக் கொறித்துத் தீர்த்ததுதான் அத்தனையும். சுற்றியிருந்த சஹன்கள் எழுந்துவிட்டன. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மைக்கில் அறிவிப்பு வந்தது. "சாப்ட்டு முடிச்சவங்க கையக் கழுவிட்டு அடுத்த பந்திக்கு எடங் குடுங்க. தூணுக்குப் பக்கத்துச் சஹன்... உங்களத்தான்."

மாமா வியர்த்திருந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்கு அப்போது தெரியாது. "தம்பிக்கு... இன்னும் பசிக்குதோ?" என்றார் மெல்ல.

இல்லை மாமா, ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கினேன். பின்னால் நின்ற பரிமாறுகிறவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு பெரிய கரண்டி நெய்ச்சோற்றைக் கொட்டினார். மாமா அந்தச் சோற்றைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். "பிஸ்மில்லாஹ்" என்று கையை வைத்தார். வைத்தவர் அப்படியே மச்சானின் தோளில் சாய்ந்துவிட்டார்.

நான் அப்போது இருபத்தேழில் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்திரண்டை முடித்துவிட்டுத்தான் "மாமா!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். உயிர் போனது என் மானத்துக்குத்தான். மண்டபத்துப் பையன் ஒரே உட்காரலில் மூன்று சஹன் காலி பண்ணினான் என்று பெரியபட்டினம் முழுக்கப் பேச்சு. (நான் தின்றது மொத்தம் பதினேழு கவளம். வீட்டுக்கு வந்து பசியில் பழைய சோறு சாப்பிட்டேன்.) "வீட்ல புள்ளைக்குச் சோறே போடலையான்னு கேக்குறாகடா" என்று உம்மா அழுதார். நானும் யாருக்கும் தெரியாமல் அழுதேன். புத்தகத்தைத் தூக்கிப் பீரோவுக்கு மேலே எறிந்தேன். முப்பத்தொன்பதாம் நாள் நான்கு இடியாப்பத்தை மெல்லாமலே விழுங்கினேன். தொடங்கியதை முடித்தாயா என்ற உம்மாவின் பழைய கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"ஜமாலா? நான் பெரியபட்டினம் நாகூர்கனி பேசுறேன்."

"மாமா... மன்னிச்சிருங்க மாமா..."

"அது கெடக்கட்டும். டாக்டர் என்னய ஏசுறார். அள்ளி அள்ளி முழுங்குறேனாம், இனிமே நல்லா மென்னு, நெதானமாத்தான் திங்கணுமாம். அன்னைக்கி ஒரு வாய்க்கு எத்தன தடவ மென்டீங்க?"

"முப்பத்திரண்டு மாமா."

"யா அல்லா! எனக்கு எட்டுலயே தன்னால உள்ள போயிருதே. எப்புடிப் பழகுனீங்க?"

ஒரு விஷயத்தை எப்படிச் செய்தாய் என்று அதுவரை என்னை யாருமே கேட்டதில்லை. ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "நாளைக்குப் பசியாறும்போது போன் போடுறேன் மாமா, சேந்து எண்ணுவோம்" என்றேன்.

மறுநாளிலிருந்து முதல் நாள் ஆரம்பமானது. அவர் பெரியபட்டினத்தில், நான் மண்டபத்தில். ஸ்பீக்கரைப் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் மென்றோம். "போனப் போட்டு வச்சிக்கிட்டு ரெண்டு ஆம்பளைங்க ஆடு மாதிரி அசை போடுறானுவ" என்று உம்மா தலையில் கை வைத்தார். ஐந்தாம் நாள் மாமா பன்னிரண்டைத் தொட்டார். பதினெட்டாம் நாள் இருபதில் புரையேறி, அடுத்த இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. நான் தனியாக மென்றுகொண்டு, விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் எடுத்து, "வாரேன், வாரேன், இடியாப்பத்த வச்சிட்டு வாரேன்" என்றார். அந்தப் பக்கம் யாரோ அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெண்பிள்ளைச் சிரிப்பு. அன்றைக்கு நான் நாற்பத்தொன்று வரை மென்றுவிட்டேன்.

நாற்பதாம் நாள் மாமா முப்பத்திரண்டை முடித்தார். தண்ணீர் குடித்தார். "சரி மாப்ள, தேதி குறிச்சிருவோம்" என்றார். என் வாழ்க்கையில் நான் தொடங்கி முடித்த முதல் காரியம் அதுதான். உம்மா அந்தக் கேள்வியை அப்புறம் கேட்டதே இல்லை.

இதெல்லாம் நடந்து பதினான்கு வருஷமாகிறது. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், நான் எங்கே உட்காருகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் சீனி மச்சான் வேறு பக்கம் போய் உட்காருவார். பெரியபட்டினத்தில் எனக்குப் பெயர் கிடையாது, "முப்பத்திரண்டு"தான். என் மகள் வீட்டுப்பாடத்தை இழுத்தடித்தால், "வாப்பா மாதிரி மெல்லாத" என்பாள் ரிஸ்வானா.

போன மாதம் ஒரு கல்யாணம். மாமாவுக்கு இப்போது பல் பாதிதான் இருக்கிறது. எண்ணி மெல்ல வேண்டியதில்லை, தானாகவே நேரமாகிறது. அவரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எல்லோரும் நழுவிவிடுவதால், எப்போதும் எங்கள் சஹனில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கும் சுற்றிலும் எழுந்துவிட்டார்கள். மைக்குக்காரர் தொண்டையைக் கனைத்தார். பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்தபோது தட்டின் மேல் கையை விரித்துத் தடுத்துவிட்டேன்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "மாப்ள, எனக்கு நேரமாகும். நீங்க எந்திரிங்க" என்றார்.

என் வாயில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன்.

"இருங்க மாமா, எனக்கு இன்னும் பன்னெண்டு பாக்கி இருக்கு."