கைதூக்கி மேனேஜரும் கல்யாண பஸ்ஸும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் கை தூக்கியது எங்கள் மேனேஜர் முன்னால்தான். மலைமேல் பக்தியில் தூக்கினார்கள். கீழே பஸ் கம்பெனி ஆபீசில் நாங்கள் வேறு வழியில்லாமல் தூக்கினோம்.

எழுபதுகளில் நான் அங்கே புக்கிங் கிளார்க். முன்பிருந்த மேனேஜர் யாரையும் கேட்காமல், தன்னந்தனியாக முடிவெடுத்து, தன்னந்தனியாகவே கம்பெனியை நஷ்டத்தில் தள்ளிவிட்டுப் போனவர். அதனால் புதியவர் வந்த அன்றே அறிவித்தார்: "இனிமே எல்லாம் கலந்து பேசித்தாங்க. நாலு பேர் சேர்ந்து யோசிச்சா தப்பு நடக்காது."

உண்மைதான். தப்பு மட்டுமல்ல, எதுவுமே நடக்கவில்லை. மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கூட்டம் போட்டோம். முடிவு வருவதற்குள் மார்கழி வந்துவிட்டது. கவுண்டருக்கு அடியில் படுக்கும் நாயை விரட்டலாமா என்று கேட்டு, "பாவம், அது சார்பா நான் கை தூக்குறேன்" என்று தானே தூக்கினார். அன்றிலிருந்து அவர் பெயர் கைதூக்கி.

ஒருநாள் டிரைவர் காதர் பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், பிரேக் பிடிக்கல!"

"உக்காருங்க பாய். மத்தவங்க இன்னா நினைக்கிறாங்கன்னு கேட்டுக்கலாம்."

"இதுல நினைக்க இன்னா சார் கீது? வண்டி நிக்க மாட்டுது!"

"அது உங்க அபிப்பிராயம்."

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு மழைக்காலக் காலையில் கல்யாண பஸ் வந்து மாட்டியது. பெண் வீட்டார் நெசவுக் குடும்பம். மாப்பிள்ளை ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். பஸ்ஸில் மணப்பெண், மடிக்கு ஒன்றாகக் குழந்தைகள், சீர்வரிசை எல்லாம் ஏறியாகிவிட்டது. அப்போதுதான், ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டார்கள், தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தி வந்தது.

"முகூர்த்தம் தப்பிடும் நைனா, அனுப்பிடு" என்று பெண்ணின் அப்பா மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கம்போல் கூட்டம். "இன்னா சொல்றீங்க? போலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

"முட்டிக்குக் கீழதான் சார் தண்ணி. ஓட்டிக்கினு போயிடுவேன்" என்று காதர் பாய் முதலில் தூக்கினார். பிறகு கண்டக்டர். பிறகு நான். ஜன்னலுக்கு வெளியே நின்ற உறவினர்கள்கூடத் தூக்கினார்கள். கம்பெனி சரித்திரத்தில் அத்தனை ஒற்றுமையான முடிவு இருந்ததில்லை.

மேனேஜர் எழுந்துபோய் பஸ்ஸைப் பார்த்தார். ஒரு குழந்தை ஜன்னல் கம்பியில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர் காதர் பாயிடமிருந்து சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி போவாது."

"எல்லாரும் கை தூக்கினோமே சார்!"

"ஆங், பாத்தேன். எல்லாரையும் எறக்குங்க."

கதையின் இந்த இடத்தில், பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கு ஊரே மாலை போட்டிருக்கும். பாலத்துக்கு அந்த நல்ல குணம் இல்லை. எங்கள் போட்டிக் கம்பெனி பஸ் அதே தண்ணீரைத் தாண்டிப் போய், ஆட்களோடு பத்திரமாகத் திரும்பி, எங்கள் வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அந்த பஸ்ஸிலேயே இந்தப் பக்கம் வந்துசேர்ந்து, மறுநாள் காலை அடிவாரத்துச் சத்திரத்தில் தாலி கட்டினார்கள். பெண்ணின் அப்பா எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வசவு மட்டும் வைத்தார்.

முதலாளி அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கினார். "யார் முடிவு இது? கமிட்டியா?"

"ஆங், எல்லாரும் சேர்ந்துதான்..." என்று காதர் பாய் இழுத்தார். நானும் தலையாட்டினேன்.

"இல்லீங்க" என்றார் மேனேஜர். "இவங்க எல்லாம் போலாம்னாங்க. நான் ஒருத்தன்தான் வாணாம்னேன்."

"எதுக்குய்யா?"

"பயமா இருந்துச்சுங்க."

வேலை போயிற்று. மழை நிற்கக்கூடக் காத்திருக்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

அடுத்து வந்த மேனேஜர் எல்லாவற்றையும் நொடியில் தானே முடிவு செய்தார். பெரும்பாலும் சரியாகவே செய்தார். பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின, லாபமும் வந்தது. எனக்குத்தான் காலையில் அந்த ஆபீசுக்குக் கிளம்பவே பிடிக்காமல் போய்விட்டது.